இல்லமும் கைவேலையும்: வெயில் நாட்டில் ஊசிப் பின்னல்



சித்திரை மாதத்துப் பிற்பகலில், அடுப்படி வேலை ஓய்ந்தபின், வீட்டுத் திண்ணையில் இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலுமாக ஒரு பெண் அமர்ந்திருப்பதைக் கண்டால், "இந்த வேகாத வெயிலில் யாருக்கம்மா ஸ்வெட்டர்?" என்று கேட்காதவர் நம் பக்கத்தில் அரியர். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய் கம்பளிச் சட்டை பின்னினால் அதற்குப் பொருள் உண்டு. மலையடிவாரத்துச் சேலத்திலும், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களிலும் குளிர் என்பது மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையோடு தீர்ந்துபோகிறதே!

இப்படிக் கேட்பவர்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இந்தக் கைவேலை நம் ஊருக்குப் பொருந்துமா என்பது ஒன்று. இதற்குச் செலவாகும் நேரத்திற்கு மதிப்பு உண்டா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது நம் குடும்பங்களின் நீதி, அநீதியைத் தொடுவது. ஆதலின் அதனைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

பருத்தியில் பிறந்த கலை

பின்னல் என்றதும் பனி பெய்யும் தேசங்களும் செம்மறியாட்டுக் கம்பளியும் நம் மனக்கண்முன் வருகின்றன. உண்மை வேறு. உலகில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்கள் எகிப்து நாட்டைச் சேர்ந்தவை. 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்று கணிக்கப்படும் அந்தக் காலுறைகளும் துணுக்குகளும் பெரும்பாலும் பருத்தி நூலால் ஆனவை. வெள்ளையும் அவுரி நீலமுமாக அழகிய கோலங்கள் கொண்டவை. நம்மைப் போலவே வெயிலில் வாழ்ந்த மக்கள், நம்மைப் போலவே பருத்தியை அறிந்த மக்கள், இக்கலையைக் கையாண்டார்கள். குளிர் நாடுகள் இதனைப் பின்னரே பெற்றுக் கம்பளிக்கு மாற்றிக்கொண்டன.

ஐரோப்பாவிற்குச் சென்ற பின்னல், அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களின் கண்முன் எவ்வாறு நின்றது என்பதைக் காட்டும் ஓர் ஓவியம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. புக்ஸ்டெஹூடெ என்னும் ஊரின் பீடத்திற்காக 1400-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்டது அது. மாஸ்டர் பெர்ட்ராம் என்பாரின் பணியாகக் கருதப்படுவது. அதில் நம் அன்னை மரியாள் அமர்ந்து, நான்கு ஊசிகளைக் கொண்டு ஒரு சிறு சட்டையைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். பாலன் இயேசு அருகில் இருக்கிறார். பாடுகளின் சின்னங்களை ஏந்திய வானதூதர் வந்து நிற்கிறார்கள். சிலுவையடியில் படைவீரர்கள் சீட்டுப் போட்ட அங்கி தையலில்லாதது என்று அருளப்பர் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் கூறுகிறதன்றோ? நெய்யப்பட்டதாகவே நற்செய்தி அதனைக் குறிக்கிறது. ஓவியரோ தம் காலத்து வீடுகளில் தையலில்லாத ஆடை எவ்வாறு உருவாகும் என்று கண்டாரோ, அவ்வாறே தீட்டிவிட்டார். தாய் ஒருத்தி தன் பிள்ளைக்குச் செய்யும் கைவேலையை இதைவிட உயர்வாக யார் போற்ற இயலும்?

தறியும் ஊசியும்

நம் மாவட்டங்கள் தறி நாடு. இளம்பிள்ளை, தாரமங்கலம், எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று எத்திசை சென்றாலும் தறியின் ஓசை கேட்கும். இன்று அது பெரும்பாலும் விசைத்தறியின் ஓசை. ஆதலின் நெசவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவு நீளவாட்டில் நிற்க, ஊடை குறுக்கே பாய, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணியாகின்றன. பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் கண்ணியாக வளைந்து, தனக்கு முந்திய கண்ணியின் வழியே நுழைந்து வெளிவருகிறது. ஆகவேதான் பின்னல் துணி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. உடம்போடு ஒட்டி நிற்கிறது.

இதை அறியாதார் நம் வீடுகளில் ஒருவரும் இல்லை. ஆண்கள் அணியும் பனியன் முழுவதும் பின்னலே! 1589-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டப் பொறியை அமைத்தார். அன்று தொடங்கிய வளர்ச்சியின் கிளையே நமக்கு மேற்கேயுள்ள திருப்பூரின் பனியன் தொழில். சித்திரை வெயிலில் வேர்வையை உறிஞ்ச நாம் விரும்பி அணிவது பின்னல் துணியைத்தான். ஆகவே பின்னல் வெயிலுக்கு ஆகாது என்னும் பேச்சு நிற்காது. நமக்கு ஆகாதது கம்பளி ஒன்றுதான்.

நூலைத் தேர்தல்

கம்பளி நூல் நம் ஊர்க் கோடையில் வேர்த்த விரலில் ஒட்டும். செயற்கை நூல் காற்றை விடாது. நம் வட்டாரத்தில் தறிக்கென விற்கும் சிட்டா நூலே போதுமானது. நூலின் நம்பர் என்பதன் பொருளை அறிந்தால் கணக்குப் போட்டு வாங்கலாம். ஒரு சிட்டா என்பது 840 கஜம். அத்தகைய சிட்டாக்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகுமோ, அத்தனையே அந்நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் 20 சிட்டா ஒரு பவுண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

20-ஆம் நம்பர் இரட்டை இழை நூலில் நான்கு புரிகளை ஒன்றாகச் சேர்த்து உருண்டையாகச் சுற்றினால், கைக்குழந்தை உடுப்புக்கு ஏற்ற கனம் வந்துவிடும். அந்நூல் ஒரு கிராமுக்கு நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். சுற்றுவதற்கு முன் சிட்டாவைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசி நிழலில் உலர்த்துக. சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். கஞ்சியும் மெழுகும் நீங்கிவிடும். சாய நூலானால், நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகாததை உறுதி செய்துகொள்க. பருத்தியில் ஒரு குறை உண்டு. நனைந்தால் கனத்துத் தொய்யும். ஆகவே பின்னிய உடுப்பைக் கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் துண்டு விரித்துப் பரப்பி உலர்த்த வேண்டும்.

பின்னலுக்குரிய பெருஞ்சிக்கனம் ஒன்றை நம் அன்னையர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டையை வெட்ட வேண்டியதில்லை. நூலின் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். பிரித்த நூலைச் சிட்டாவாக்கி, நனைத்து, அடியில் சிறு கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிரும். மூத்தவனின் சட்டை இளையவளின் தொப்பியாகிவிடும்.

இருபது கிராம் நூலில் ஓர் உதவி

சமவெளியில் பின்னலுக்கு மிகவும் தகுதியான பொருள் யாதெனில், பிறந்த குழந்தையின் தொப்பி. வெயில் நாட்டில் குழந்தைக்குக் குளிருமா என்று ஐயுறலாம். தாயின் வயிற்றில் ஏறத்தாழ 37 பாகைச் சூட்டில் இருந்த குழந்தை ஈரத்தோடு வெளிவருகிறது. அதன் உடலளவை நோக்கத் தலை பெரிது. அத்தலை வழியே சூடு விரைவில் வெளியேறும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குச் சூட்டைக் காத்துக்கொள்ளும் கொழுப்பும் போதாது. பிறந்த குழந்தையின் உடற்சூடு 36.5 முதல் 37.5 பாகைக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1978-ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், எட்கார் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் அதனை இன்று நம் நாட்டு மருத்துவமனைகளும் அறியும். அம்முறையில் குழந்தைக்கு உடுப்பு அதிகம் வேண்டா. அரைத்துணி, காலுறை, தலைக்குத் தொப்பி, இவ்வளவே.

தொப்பி பின்னும் முறை இது. 11-ஆம் நம்பர் ஊசிகள் நான்கு எடுத்துக்கொள்க. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 28 கண்ணிகள் வருமாறு கை அமைய வேண்டும். முதலில் சிறு துண்டு பின்னி அளந்து பார்த்துக்கொள்க. ஊசி ஒன்றுக்கு 28 வீதம் மூன்று ஊசிகளில் 84 கண்ணிகள் ஏற்றி, முறுக்கு விழாமல் வட்டமாக இணைத்து, நான்காம் ஊசியால் பின்னத் தொடங்குக. முதல் மூன்று சென்டிமீட்டருக்கு இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னுக. தையல் வகுப்பில் பிளெயின், பர்ல் என்று சொல்லித் தருவது இவற்றையே. இவ்வரி ஓரம் தலையைப் பற்றி நிற்கும். பின்பு, தொடக்கத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உயரம் ஆகும்வரை எல்லாச் சுற்றும் நேர்க்கண்ணியே.

இனி உச்சியைக் குறைக்க வேண்டும். ஐந்து கண்ணி நேராகப் பின்னி, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக எடுக்க. இவ்வாறு சுற்று முழுவதும் செய்தால் 72 கண்ணிகள் மிஞ்சும். அடுத்த சுற்றைக் குறைக்காமல் பின்னுக. அதற்கடுத்த குறைப்புச் சுற்றில் நான்கு கண்ணிக்குப் பின் இரண்டைச் சேர்க்க, 60 மிஞ்சும். இப்படியே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று மூன்று, இரண்டு, ஒன்று என இறங்கி, கடைசியில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 12 கண்ணிகள் நிற்கும். நூலை வெட்டி, அந்தப் பன்னிரண்டின் வழியே கோத்து இறுக்கி, உட்புறம் மறைத்து முடிக. எங்கும் தையல் இல்லை; குழந்தையின் மெல்லிய தோலை உறுத்துவதும் இல்லை. எடை குறைந்த குழந்தைக்கானால் 72 கண்ணிகள் ஏற்றி, பத்து சென்டிமீட்டர் உயரத்தில், நான்கு கண்ணிக்குப் பின் சேர்க்கும் குறைப்பிலிருந்து தொடங்குக. எதற்கும் இருபது கிராம் நூல் தாராளம்.

சில எச்சரிக்கைகளை மறவாதீர்கள். நாடா, பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டா. குழந்தையின் கழுத்தைச் சுற்றும், அல்லது வாய்க்குள் போகும். காலுறையிலும் கையுறையிலும் ஓட்டைக் கோலம் வேண்டா. பிஞ்சு விரல் சிக்கும். குழந்தை உடுப்பு வைக்கும் பெட்டியில் அந்துருண்டையை ஒருபோதும் போடாதீர்கள். பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறையுள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கவல்லது. உலர்ந்த வேப்பிலை போதும். நல்ல எடையுடன் வீடு திரும்பிய குழந்தை உறங்கும்போது தலையை மூடிவைக்கத் தேவையில்லை. நம் ஊர்க் கோடையில் அது தீங்காகவும் முடியும். பிடரி வேர்த்திருந்தால் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்புவோர், சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளாயினும் சிற்றூர் நிலையங்களாயினும், பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியரை முதலில் கேட்டு, அவர் சொல்லும் அளவிலும் எண்ணிக்கையிலும் பின்னிக் கொடுப்பதே முறை.

நேரத்தின் விலை

இனி இரண்டாவது கேள்வி. மேற்சொன்ன தொப்பியில் ஏறத்தாழ 4,300 கண்ணிகள் இருக்கின்றன. பழகிய கை நிமிடத்திற்கு இருபது கண்ணி பின்னுமாயின் மூன்றரை மணி நேரத்திற்கு மேலாகும். பெரியவர் அணியும் ஸ்வெட்டர் என்றால் நடுத்தரக் கனமுள்ள நூலிலும் அறுபதாயிரம் கண்ணிக்குக் குறையாது. ஐம்பது மணி நேர உழைப்பு அது. "நூல் வாங்கித் தருகிறேன், சும்மா இருக்கும் நேரத்தில் ஒன்று பின்னிக் கொடு" என்று சொல்லும் உறவினர் இந்தக் கணக்கை அறியார்.

"சும்மா இருக்கும் நேரம்" என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அது சிறு சொல். அதன் வேலை பெரிது. தென்னகத்தில் பெண்களுக்குக் கைப்பின்னல் நன்மை செய்த வரலாறு உண்டு. நாகர்கோயிலில் 1820-ஆம் ஆண்டையொட்டி, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த திருமதி மார்த்தா மால்ட் ஏழைப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். சொந்தக் கையால் காசு சம்பாதித்தல் என்பதை அப்பெண்கள் கண்டார்கள். 1897-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் அநாதைப் பிள்ளைகளைப் பேணும் பணியை ஏற்றார். அவர் நிறுவிய சபையின் கன்னியர் கற்பித்த ரேந்தையும் பூத்தையலும் பல இல்லங்களுக்கு ஆதரவாயின.

அதே ரேந்தை மற்றொரு பாடத்தையும் தருகிறது. ஆந்திரத்தின் கோதாவரி டெல்டாவிலுள்ள நரசாபூரிலும் மிஷனரிமார் வழியே ரேந்தைப் பின்னல் பரவிற்று. பின்னர் அது வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியலறிஞர் மரியா மீஸ் அங்கே ஆராய்ந்து, 1982-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலை அனைத்தையும் செய்துகொண்டே பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினார்கள்; ஆனால் அவர்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள். ஆகவே கிடைத்த கூலி அற்பமாயிற்று. வணிகத்தின் இலாபம் பிறர் கைக்குச் சென்றது. ஒருவருடைய உழைப்பை ஓய்வு என்று பெயரிட்டு அழைத்துவிட்டால், அதற்குக் கூலி தரவேண்டிய கடமையும் மறைந்துவிடுகிறது!

நரசாபூரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் பக்கத்துக் கைத்தறி வீடுகளில் தார் சுற்றியவர் யார்? பாவின் அறுந்த இழையைப் பிணைத்தவர் யார்? மனைவியும் மகளும் வயதான தாயும் அன்றோ! கூலியோ தறிக்குழியில் அமர்ந்தவர் பெயரில் வந்தது. மற்றவர் உழைப்பு "கூடமாட ஒத்தாசை" என்ற பெயரில் கணக்கிலேறாமல் போயிற்று. கணக்கில் ஏறாத உழைப்புக்குக் குடும்பத்தில் சொல்லுரிமையும் கிடைப்பதில்லை.

ஆகவே கைவேலை செய்யும் சகோதரிகளுக்கு நான் கூறுவது இது. நீங்கள் பின்னுவதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் மனமகிழ்ச்சிக்கும் உங்கள் வீட்டாருக்கும் பின்னுவது. அதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. நாள் முழுவதும் பிறர் தேவைக்கே ஓடும் கைகள் ஒரு மணி நேரம் தமக்குப் பிடித்ததைச் செய்வது சோம்பல் ஆகாது. இரண்டாவது, ஏழைக்கும் பச்சிளங்குழந்தைக்கும் கொடையாகப் பின்னுவது. அதை முழு மனத்தோடு கொடுங்கள். அதன் விலையைப் பேசாதீர்கள். மூன்றாவது, விலைக்குப் பின்னுவது. அதில் நூலின் விலையோடு நேரத்தின் விலையையும் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை ஒரு குறிப்பேட்டில் தவறாமல் பதியுங்கள். இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். விலைக்குரியதைக் கொடையென்று பிறர் பறித்துக்கொள்வதும், கொடைக்குரியதை நாமே மனக்கணக்கில் கடனாக எழுதிவைப்பதும் இரண்டும் மனக்கசப்பையே விளைவிக்கும்.

தனியே விலை பேசக் கூசும் பெண்கள் பலர் சேர்ந்து பேசினால் கூச்சம் குறையும். அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டத்தில் 1989-ஆம் ஆண்டு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முயற்சி பின்னர்த் தமிழகம் எங்கும் பரவியதை நாம் அறிவோம். பங்கிலுள்ள மாதர் குழுவினர் பின்னல், பூத்தையல், ஒயர் கூடை இவற்றுக்கு ஒரே விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட்டால், "எனக்கு மட்டும் குறைத்துக் கொடு" என்ற பேச்சுக்கு இடமிராது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். பழைய ஐரோப்பிய நகரங்களில் பின்னல் தொழிலின் சங்கங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு உரியனவாக இருந்தன. நம் ஊரில் தறியில் அமர்ந்தவர்களும் ஆண்களே. நூல் வேலை பெண்களுக்கே உரியது என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. கோடை விடுமுறையில் மகளுக்கு ஊசியைக் கொடுக்கும்போது மகனுக்கும் ஒரு சோடி கொடுங்கள். எண்ணவும், பொறுமையோடு இருக்கவும், தவறினால் பிரித்து மீண்டும் தொடங்கவும் அவனும் கற்கட்டும். அறுபதாயிரம் கண்ணிகளில் ஆயிரத்தைத் தன் கையால் பின்னிப் பார்த்தவன், தன் தாயின் உழைப்பைச் சும்மா என்று சொல்ல மாட்டான்.

அடுத்த திங்கள், இதே நூலில் பச்சிளங்குழந்தையின் காலுறை பின்னும் முறையைப் பார்ப்போம். அதற்குள் ஒரு தொப்பியையேனும் முடித்துவிடுங்கள். முடிந்ததும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, வீட்டில் உள்ள எல்லாரும் காணும் இடத்தில் வையுங்கள்.